உப்புக் கணக்கு தனி, தண்ணீர்க் கணக்கு தனி

சித்திரை, வைகாசி வெயிலில் எந்த அரசு மருத்துவமனையின் மருத்துவ வார்டுக்குப் போனாலும் இப்படி ஒரு கட்டில் இருக்கும். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி. இரண்டு நாளாகச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். பக்கவாதமோ என்று பதறித் தூக்கி வந்திருப்பார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சோடியம் 116 என்றிருக்கிறது. இருக்கவேண்டியது 135-லிருந்து 145.

"பாட்டிக்கு உப்புச்சத்து குறைஞ்சிருக்கும்மா" என்கிறார் நர்ஸ்.

"பிரஷர் இருக்குன்னு நான்தான் சிஸ்டர் குழம்புல உப்பைக் குறைச்சுப் போட்டேன்" என்று மருமகள் கண் கலங்குகிறார்.

காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் சொல்வது அவரை இன்னும் குழப்புகிறது. "நீங்க உப்பைக் குறைச்சதால வந்தது இல்லம்மா இது. அந்தப் பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன். தண்ணி ஒரு லிட்டருக்கு மேல குடுக்காதீங்க."

உப்பு குறைந்த பாட்டிக்குத் தண்ணீரை ஏன் குறைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் ரத்த அழுத்தம், கால் வீக்கம், வயிற்றுப்போக்கு, வெயில் மயக்கம் என்று பல விஷயங்கள் தாமாகப் புரிந்துவிடும். பதில், முதுகுப்புறம் விலா எலும்புகளுக்கு அடியில் பதுங்கியிருக்கும் இரண்டு சிறுநீரகங்களில் இருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்று. டயாலிசிஸ் வார்டு வாசலில் "உப்பு ஆறு இருக்கு, எட்டு இருக்கு" என்று பேசிக்கொள்வார்களே, அது கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள். இங்கே உப்பு என்று சொல்வதெல்லாம் நாம் குழம்பில் போடும் உப்பைத்தான். குறிப்பாக, அதிலுள்ள சோடியத்தை.

எல்லாவற்றையும் வாசலில் கொட்டு!

சிறுநீரகம் என்றதும் எல்லோர் மனதிலும் வடிகட்டிதான் வரும். ரத்தம் உள்ளே போகிறது, அழுக்கு மட்டும் சிறுநீராக வெளியே வருகிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. போகிக்கு வீட்டை ஒழிக்கிறவர்கள், எது பழையது என்று பரணில் ஏறித் துழாவிக்கொண்டிருப்பதில்லை. எல்லாச் சாமானையும் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்து வைக்கிறார்கள். மிச்சம் குப்பைக்கு. சிறுநீரகத்தின் வேலையும் இதுதான். என்ன, அதற்கு வருஷம் முழுக்கப் போகி.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம். உடல் எடையில் அரை சதவீதம். ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இங்கே வருகிறது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு. அதைத் தொடர்ந்து நீளமான ஒரு குழல். முடிச்சில் ரத்தத்தின் அழுத்தமே நீரைப் பிழிந்து குழலுக்குள் தள்ளுகிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் தங்கிவிடுகின்றன. உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், யூரியா எல்லாம் பாகுபாடின்றிக் குழலுக்குள் போய்விடுகின்றன.

இப்படி ஒரு நாளில் வெளியே கொட்டப்படும் நீர் 180 லிட்டர். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா நம் உடம்பில் மொத்தமே மூன்று லிட்டர்தான் என்பதால், அது தினமும் அறுபது தடவை முழுசாகக் கொட்டப்பட்டுத் திரும்ப எடுக்கப்படுகிறது என்று அர்த்தம். அந்த 180 லிட்டரோடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பும் போகிறது. நாளின் முடிவில் பார்த்தால், சிறுநீர் ஒன்றரை லிட்டர். அதில் உப்பு, அன்றைக்கு நாம் தின்ற அளவு, ஏதோ பத்து கிராம் சொச்சம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு திரும்ப உள்ளே வந்துவிட்டது.

இது வீண் வேலையாகத் தோன்றலாம். எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றுகிறது. உடம்புக்குள் புதிதாக ஒரு விஷமோ மருந்தோ வந்தால் அதை அடையாளம் கண்டு வெளியேற்றத் தனியாக ஏற்பாடு செய்யவேண்டியதில்லை. 'வேண்டியவை' பட்டியலில் இல்லாதது பெரும்பாலும் தானே போய்விடும்.

திரும்ப எடுப்பது உண்மைதானா என்று 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே சண்டை நடந்தது. கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது? 1924-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வேர்ன், ஆல்ஃப்ரெட் நியூட்டன் ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் ஒரு தவளையைக் கிடத்தி, அதன் சிறுநீரகத்தை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தார்கள். கண்ணாடிக் குழலை இழுத்து இழுத்து மயிரைவிட மெல்லியதாக்கி, அதன் நுனியை ஒரே ஒரு ரத்தக்குழாய் முடிச்சைச் சுற்றியிருக்கும் உறைக்குள் செருகினார்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் முடிச்சு கிழிந்துவிடும். உறிஞ்சியெடுத்தது ஒரு சொட்டுக்கும் குறைவு. அதைச் சோதித்தபோது சர்க்கரை இருந்தது, குளோரைடு இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரில் இரண்டும் இல்லை. போன பொருள் வழியில் எங்கோ திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது. அத்தோடு சண்டை முடிந்தது.

தண்ணீருக்குப் பம்ப் கிடையாது

திரும்ப எடுப்பதற்கு விசை எங்கிருந்து வருகிறது? நம் உடம்பில் எங்கேயும் தண்ணீரை இறைக்கும் பம்ப் இல்லை. உப்பை இறைக்கும் பம்ப்தான் இருக்கிறது. உப்பை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றினால், வழி திறந்திருக்கும்பட்சத்தில், தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். சிறுநீரகத்தின் சகல வித்தைகளும் இந்த ஒரு விதிக்குள் அடக்கம்.

பம்பைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் இருந்த யென்ஸ் ஸ்கோ. கடற்கரை நண்டுகளின் கால் நரம்பை அரைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். அதிலிருந்த ஒரு நொதிதான் உயிரணுவுக்குள்ளிருந்து சோடியத்தை வெளியே தள்ளுவதாக இருக்கக்கூடும் என்று 1957-இல் எழுதினார். நாற்பது வருஷம் கழித்து 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. நண்டின் காலில் இருக்கும் அதே பம்ப்தான் நம் நெஃப்ரான் குழலின் சுவர் முழுக்கப் பதிந்திருக்கிறது. சிறுநீரகம் செலவழிக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி இதை ஓட்டத்தான்.

குழலின் முதல் பகுதியிலேயே உப்பிலும் தண்ணீரிலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. இங்கே நுணுக்கம் அதிகமில்லை, மொத்தக் கொள்முதல். சோடியம் உள்ளே நுழையும்போது சர்க்கரையையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். இதே ஜோடி குடலிலும் உண்டு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் உப்போடு குளுக்கோஸும் இருப்பது ருசிக்காக இல்லை. குளுக்கோஸ் இருந்தால்தான் அந்த வழியாகச் சோடியம் நுழையும், சோடியம் நுழைந்தால்தான் தண்ணீர் நுழையும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாம்களில் காலரா பரவியபோது, பன்காவ் மருத்துவமனையில் ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கரைத்துக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார். முப்பது சதவீதமாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

சிறுநீரகத்தில் இருக்கும் அந்தச் சர்க்கரை வழியை வேண்டுமென்றே அடைக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன. டாபாகிளிஃப்ளோசின் வகையறா. சர்க்கரை நோய்க்காக வந்தவை, இப்போது இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பதற்காகச் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் எழுதப்படுகின்றன. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருள்தான் இவற்றின் மூதாதை.

பாசலில் உருகிய பனிக்கட்டி

அடுத்து வருவது கொண்டை ஊசிபோல் வளைந்து கீழே இறங்கி மேலே ஏறும் குழல். ஜெர்மானிய உடற்கூறியலாளர் யாக்கோப் ஹென்லே 1862-இல் இதை வரைந்து காட்டினார். இதன் பயன் என்ன என்று எண்பது வருஷம் யாருக்கும் விளங்கவில்லை. விளக்கம் சொல்ல வந்தவர் டாக்டரே இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து இயற்பிய வேதியியலாளர் வெர்னர் கூன். எதிரெதிர் திசையில் இரண்டு நீரோட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, நடுவில் உப்பை மாற்றிக்கொண்டால், வளைவின் அடியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும் என்று 1942-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். சிறுநீரக ஆய்வில் அன்றைய ஜாம்பவானான ஹோமர் ஸ்மித் நெடுநாள் இதை ஏற்கவில்லை.

1951-இல் கூனும் ஹைன்ரிக் விர்ட்ஸ், பார்த்தலோமே ஹர்கிட்டாய் ஆகியோரும் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருந்த எலிகளின் சிறுநீரகத்தை உறைய வைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். உப்பு கூடின பனிக்கட்டி, குறைந்த வெப்பநிலையிலேயே உருகிவிடும் என்பது தெரிந்ததே. சீவலில் முதலில் உருகியது சிறுநீரகத்தின் உள்முனை. பிறகு அதற்கு அடுத்த அடுக்கு, அடுத்த அடுக்கு என்று வெளிப்புறம் நோக்கி உருகிக்கொண்டே வந்தது. வெளிப்பகுதியான புறணி கடைசியில் உருகியது. உள்ளே போகப் போக உப்பு ஏறுகிறது என்பதைப் பனிக்கட்டியே காட்டிக்கொடுத்துவிட்டது.

நடப்பது இதுதான். இறங்கும் குழலின் சுவர் தண்ணீரை விடும், உப்பை விடாது. ஏறும் குழலின் தடித்த சுவர் உப்பை வெளியே இறைக்கும், தண்ணீரை ஒரு சொட்டும் விடாது. இந்த ஒற்றை வேறுபாட்டால், சிறுநீரகத்தின் நடுப்பகுதி ரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவான ஊறலாகிவிடுகிறது. கழிவு என்று நாம் தள்ளும் யூரியாவும் அந்தச் செறிவில் ஏறக்குறையப் பாதிக்குப் பங்கு வகிக்கிறது. உப்பைப் பறிகொடுத்து மேலே ஏறிவரும் நீரோ சப்பென்று நீர்த்துப்போயிருக்கும்.

கால் வீங்கி, மூச்சு வாங்கி வருகிறவர்களுக்குப் போடும் லாசிக்ஸ் ஊசி, இந்த ஏறும் குழலின் உப்பு வாசலைத்தான் அடைக்கிறது. உப்பு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அதோடு தண்ணீரும் நின்று, சிறுநீராகக் கொட்டும். ஊசி போட்ட அரைமணியில் சிறுநீர்ப்பை நிரம்பிவிடும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மனிதனால் ஆன அதிகபட்சச் செறிவும் இந்த நான்கு மடங்குதான். கடல்நீரைக் குடித்து உயிர் பிழைக்க முடியாததற்குக் காரணம் இது. ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால், அதிலுள்ள உப்போடு அன்றாட யூரியாவையும் சேர்த்து வெளியேற்ற ஒன்றரை லிட்டர் சிறுநீர் போயாக வேண்டும். மீதி அரை லிட்டர் உடம்பிலிருந்து போகும். குடிக்கக் குடிக்க வறட்சி.

தண்ணீர்க் கணக்கை எழுதுவது மூளை

இப்போது நீர்த்த சிறுநீர் கடைசிப் பகுதியான சேகரிப்புக் குழாய்க்கு வந்து நிற்கிறது. அந்தக் குழாய் செறிவான ஊறலின் நடுவே இறங்கிப் போகிறது. சுவரில் தண்ணீருக்கு வழி இருந்தால், தண்ணீர் முழுதும் ஊறலுக்குள் பாய்ந்து ரத்தத்துக்குத் திரும்பிவிடும். சிறுநீர் அடர் மஞ்சளாகிச் சுண்டிப்போகும். வழி இல்லாவிட்டால் அப்படியே பச்சைத் தண்ணீராக வெளியேறும். அந்த வழியைத் திறப்பதும் மூடுவதும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனின் வேலை.

ரத்தத்தின் செறிவு ஒன்று இரண்டு சதவீதம் மாறினாலே மூளையின் ஹைபோதலாமஸுக்குத் தெரிந்துவிடும். செறிவு கூடினால் பிட்யூட்டரியிலிருந்து வாசோபிரெசின் சுரக்கும். கூடவே தாகமும் எடுக்கும். ஹார்மோன் வந்து தொட்ட சில நிமிஷங்களில், குழாய்ச் சுவரின் அணுக்களுக்குள் காத்திருக்கும் நீர்த்துளைகள் மேற்பரப்புக்கு வந்து பதிந்துகொள்கின்றன. ஹார்மோன் குறைந்ததும் மறுபடி உள்ளே போய்விடுகின்றன.

அந்த நீர்த்துளைகளின் பெயர் அக்வாபோரின். கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஆக்ரே தேடிக்கொண்டிருந்தது ஆர்.எச். ரத்தவகைப் புரதத்தை. அதோடு ஒட்டிக்கொண்டு வேறொரு புரதம் திரும்பத் திரும்ப வந்தது. என்னதான் இது என்று, அதைத் தயாரிக்கும் குறிப்பைத் தவளை முட்டைக்குள் செலுத்தி முட்டையைத் தண்ணீரில் போட்டார்கள். சாதாரணத் தவளை முட்டை குளத்திலேயே கிடக்கும், ஒன்றும் ஆகாது. இந்த முட்டைகள் சில நிமிஷத்தில் உப்பி, வெடித்தே போயின. 1992-இல் வெளிவந்த இந்தச் சோதனைக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு துளை வழியாக வினாடிக்கு முந்நூறு கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகும் என்கிறார்கள்.

மது இந்த ஹார்மோனை அமுக்கிவிடும். டாஸ்மாக் கடைக்குப் பின்சுவர் எதற்காக இருக்கிறது என்பதற்கு உடலியல் விளக்கம் வேண்டுவோர் இதை எடுத்துக்கொள்ளலாம். மூளையில் கட்டியோ அடியோ பட்டு வாசோபிரெசின் சுத்தமாக நின்றுபோனவர்கள் நாளுக்குப் பத்து, பதினைந்து லிட்டர்கூடச் சிறுநீர் கழிப்பார்கள். மனநல சிகிச்சையில் நெடுநாள் லித்தியம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஹார்மோன் இருக்கும், சிறுநீரகம்தான் அதன் பேச்சைக் கேட்காது. விளைவு ஒன்றேதான்.

உப்புக் கணக்கு எழுதுவது யார்?

வாசோபிரெசின் பார்ப்பது செறிவை மட்டும். உடம்பில் மொத்தமாக எவ்வளவு நீர் இருக்கிறது என்பது வேறு கணக்கு. அதைத் தீர்மானிப்பது உப்பு. உடம்பில் கூடுதலாக 9 கிராம் உப்பு தங்கினால், செறிவு ஏறாமல் இருக்க ஒரு லிட்டர் தண்ணீர் அதோடு தங்கியாக வேண்டும். கல்யாணப் பந்தியில் ஊறுகாயும் அப்பளமுமாக வெளுத்துக்கட்டிய மறுநாள் எடை கூடியிருந்தால், அது கொழுப்பு அல்ல.

இந்தக் கணக்கின் முதல் நோட்டம் சிறுநீரகத்திலேயே நடக்கிறது. ரத்த ஓட்டம் குறைந்தாலோ, குழலின் கடைக்கோடிக்கு உப்பு குறைவாக வந்தாலோ, ரெனின் என்ற பொருளை அது ரத்தத்தில் விடும். ஸ்டாக்ஹோமில் ராபர்ட் டீகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து 1898-இல் கண்டறிந்த பொருள் இது. ரெனின் வந்தால் ஆஞ்சியோடென்சின் உருவாகும், ரத்தக்குழாய்கள் இறுகும், அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் வரும், அது குழலின் கடைசிப் பகுதியில் 'இருக்கிற உப்பையெல்லாம் வாரி எடு' என்று உத்தரவிடும். உப்பு அதிகமாகி ரத்தம் பெருத்தால், இதயத்தின் மேலறைகள் விரிந்து, உப்பை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை விடும். இதயமும் ஒரு நாளமில்லாச் சுரப்பிதான் என்று 1981-இல் கனடாவின் அடோல்ஃபோ டி போல்ட் எலிகளில் காட்டும்வரை யாரும் நினைக்கவில்லை.

உப்பு அறவே கிடைக்காவிட்டால் இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் இழுத்துப் பிடிக்கும்? அமேசான் காட்டின் யானோமாமி மக்கள் சமையலுக்கு உப்பே சேர்ப்பதில்லை. 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில், உலகெங்கும் 52 இடங்களில் சோதித்தபோது, இவர்களுடைய சிறுநீரில் சோடியம் இல்லை என்றே சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆல்டோஸ்டிரோன் உச்சத்தில் நின்று, கொட்டிய உப்பு அத்தனையையும் திரும்ப எடுத்துவிடுகிறது. சராசரி ரத்த அழுத்தம் 95/61 வாக்கில். வயது ஏறினாலும் அது ஏறவில்லை. நம் வீடுகளில் "வயசானா பிரஷர் வரத்தான் செய்யும்" என்கிறோம்.

ரத்த அழுத்தத்தின் வேர் உப்பில் இருக்கிறது என்ற இதே முடிவுக்குத்தான் இன்னொரு பக்கமிருந்தும் வருகிறோம். ஒற்றை மரபணுக் கோளாறால் ரத்த அழுத்தம் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கும் அரிய குடும்பங்களை யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லிஃப்டன் குழு ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. கிட்டத்தட்ட எல்லா வழியும் சிறுநீரகம் உப்பைத் திரும்ப எடுக்கும் ஏதோ ஓர் இடத்தில் போய் முடிந்தது. நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பத்தியச் சாப்பாட்டு உபதேசமாக ஒதுக்கிவிட முடியாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நொறுக்கு ஆகிய நான்கைக் கவனித்தாலே பாதி தூரம் வந்துவிடலாம்.

இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும் இடம்

இதயம் பலவீனமானவரை எடுத்துக்கொள்வோம். இதயம் சரியாக இறைக்காததால், ரத்தம் குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் தப்பாக முடிவுகட்டுகிறது. ரெனின் கிளம்பும், உப்பு சேரும், கால் வீங்கும், அழுத்தினால் குழி விழும். அவசரநிலை என்று நினைத்து வாசோபிரெசினும் சுரக்கும். உப்பைவிட அதிகமாகத் தண்ணீர் சேரும். இப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 125. உடம்பு முழுக்க உப்பு தேங்கியிருக்கிறது, பரிசோதனைச் சீட்டிலோ 'உப்பு குறைவு'. இதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டில் உப்பைக் கூட்டினால் அடுத்த நாள் மூச்சுத்திணறலில் ஓட வேண்டியதுதான். சீட்டில் இருக்கும் சோடியம் எண் பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கைத்தான் சொல்கிறது. உப்புக் கணக்கைச் சொல்வது வீங்கின கால், ஏறும் எடை, ரத்த அழுத்தம்.

வார்டில் படுத்திருக்கும் பாட்டியின் விஷயமும் இதற்குள் அடங்கிவிடும். அவர் சாப்பிட்டது தயாசைடு வகை நீர் மாத்திரை கலந்த பிரஷர் மாத்திரை. நல்ல மருந்துதான், லட்சக்கணக்கானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் அது அடைப்பது, சிறுநீரை நீர்த்துப்போக வைக்கும் கடைசி வாசலை. லாசிக்ஸ் போல நடுப்பகுதியின் ஊறலைக் கலைப்பதில்லை. ஆகவே தண்ணீரைச் சேர்த்து வைக்கும் திறமை அப்படியே இருக்கும், கூடுதல் தண்ணீரைக் கழிக்கும் திறமை போய்விடும். போதாக்குறைக்கு, வயதானதால் கஞ்சியும் ரசமும்தான் உணவு. தண்ணீரைச் சுமந்துகொண்டு வெளியேற யூரியாகூடப் போதுமான அளவு இல்லை. 'வெயிலுக்கு நிறையத் தண்ணி குடி பாட்டி' என்று பேரன் பாட்டில் பாட்டிலாக வேறு கொடுத்திருப்பான். தண்ணீர் தேங்கத் தேங்க ரத்தம் நீர்த்து, மூளை அணுக்கள் வீங்கி, பேச்சு குழறிவிட்டது. நிலைமை மோசமாக இருந்தால் செறிவான உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அதிலும் நிதானம் வேண்டும்; ஒரே நாளில் எட்டு, பத்து புள்ளிக்கு மேல் சோடியத்தை ஏற்றினால் மூளை நரம்புறைகள் சிதைந்துபோகும் ஆபத்து உண்டு. 'ஏன் டாக்டர் இவ்வளவு மெதுவா ஏத்துறீங்க' என்று அவசரப்படுத்தாதீர்கள்.

பாட்டிக்கு நேர்வது திடகாத்திரமானவர்களுக்கும் நேரும். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வழியெங்கும் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, ஓட்டத்தில் எடை கூடியவர்களே இதில் அதிகம் சிக்கினார்கள். நன்றாக இருக்கும் சிறுநீரகத்தாலும் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் கழிக்க முடியாது. 'தினமும் மூணு லிட்டர் குடிச்சா கிட்னி சுத்தமாகும்' என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை என்னால் ஏற்க முடியவில்லை. கல் அடைப்பு வந்தவர்கள் நிறையக் குடிக்கத்தான் வேண்டும். மற்றபடி, நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்குத் தாகத்தைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

உப்பு விளையும் இடத்தில்

தாகம் எடுத்தும் குடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளப் பாத்திகளில் கண் கூசும் வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு நிழல் என்ற பேச்சே இல்லை. கீழே உப்பின் வெண்மை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். இப்படிப்பட்ட வேலையில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். பல உப்பளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. ஆகவே காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள்.

அந்த நேரத்தில் மேலே சொன்ன ஏற்பாடுகள் அத்தனையும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் ஓடுகின்றன. வாசோபிரெசின் உச்சத்தில், ஆல்டோஸ்டிரோன் உச்சத்தில், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமே குறைந்த நிலையில், சிறுநீர் சொட்டுச் சொட்டாக எரிச்சலோடு வரும். "சூடு பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் கைகால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அது சிறுநீரகத்துக்கு எஞ்சியிருக்கும் ரத்த ஓட்டத்தையும் சுருக்கும். ஒருநாள் இரண்டு நாள் என்றால் சிறுநீரகம் சமாளித்துவிடும். வருஷக்கணக்கில்?

மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும், இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளிடமும், ஆந்திராவின் உத்தானத்திலும் சர்க்கரை நோயோ பிரஷரோ இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழக்கும் நோய் பரவியிருக்கிறது. பூச்சிமருந்தா, குடிநீரா, வெப்பமா என்று ஊருக்கு ஊர் விவாதம் நடக்கிறது. கரும்பு வெட்டுகிறவர்கள் விஷயத்தில் வெப்பத்துக்கும் நீரிழப்புக்கும் எதிரான சாட்சியம் வலுவாக இருக்கிறது. நிகரகுவாவில் தண்ணீரோடு முறையான ஓய்வும் நிழலும் கொடுத்தபோது தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது பதிவாகியிருக்கிறது. தண்ணீர்க் கேனை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேலையின் வேகத்தைக் குறைக்காமல் விட்டால் பலன் குறைவு என்பதும் அங்கே கற்ற பாடம்.

வாசகர்களுக்கு மூன்றே வேண்டுகோள். பிரஷர் மாத்திரையோ நீர் மாத்திரையோ சாப்பிடுகிறவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள். சில மாத்திரைகளை அந்த நாட்களில் நிறுத்தி வைக்கச் சொல்வார். வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். என்றால் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைப்பதுதான். ஜூஸ் டப்பா அதற்கு ஈடாகாது.

அரசுக்கும் உப்பள முதலாளிகளுக்கும் ஒன்று. நிழற்கூரை, கழிப்பறை, குளிர்ந்த குடிநீர், உச்சி வெயிலில் கூலி பிடிக்காத ஓய்வு. இவை நான்கும் ஒவ்வோர் உப்பளத்திலும் அடுத்த கோடைக்கு முன்னால் வந்தாக வேண்டும். ஒருவருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ் என்று வாழ்நாள் முழுக்கச் செய்வதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இது காசே இல்லை.